பெற்றவர்கள் மட்டும் போதுமா?



சென்ற இதழில் இனிப்பு நீர் வியாதியைப் பற்றி எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு நாலைந்து பேர் கிளினிக்குக்கு வந்து இரத்தம் சோதித்துக்கொண்டார்கள். சந்தோஷம். இந்தத் தடவை எழுதப்போவது மாத்திரையும் ஊசியும் இல்லாத ஒரு சங்கதி. "டிரெஸ்ஸருக்கு இதெல்லாம் எதுக்கு?" என்று சிலர் கேட்கலாம். கேட்கட்டும். கிளினிக் வாசலில் வந்து நிற்கிறது எல்லாமே என் சங்கதிதான்.

சில வருஷங்களுக்கு முன் நடந்தது இது. பிள்ளை யாரென்று தெரியக்கூடாது என்பதற்காக வயசையும் டிவிஷனையும் மாற்றித்தான் சொல்கிறேன். ராத்திரி பதினோரு மணி இருக்கும். கதவைத் தட்டினார்கள். திறந்தால் பதினாறு வயதுப் பெண் பிள்ளை ஒன்றைத் தூக்கிக்கொண்டு தகப்பன் நிற்கிறார், பின்னால் தாய். பிள்ளை செய்யக்கூடாத காரியம் ஒன்றைச் செய்துவிட்டது. முதலுதவி செய்து, வேனில் ஏற்றி, பனிமூட்டத்தில் அந்த வளைவு வளைவான ரோட்டில் தானா ராத்தா ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். ஆண்டவன் புண்ணியம், பிள்ளை பிழைத்துக்கொண்டது.

மூன்றாம் நாள் நான் பார்க்கப் போனபோது தாய் கட்டிலோரம் உட்கார்ந்து ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தார். "இவ்வளவையும் மனசுல வச்சிக்கிட்டு ஏன் எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல?" பிள்ளை கடைசியில் வாயைத் திறந்து சொன்ன பதில் இது: "சொன்னா நீ அழுவியே."

தோழர்களே, இந்தப் பதிலை நான் பல நாள் யோசித்தேன். அந்தத் தாய் கெட்ட தாய் இல்லை. விடிகாலையில் எழுந்து, பெரட்டுக்குப் போய், மழையிலும் குளிரிலும் கொழுந்து எடுத்து, அந்திக்கு வந்து சோறாக்கிப் போடுகிறவர். பிள்ளைக்குத் தாய் மேல் பாசம் இல்லாமலும் இல்லை. பாசம் இருந்ததால்தான் சொல்லவில்லை. பதினைந்து, பதினாறு வயசில் பிள்ளைகளுக்கு வருகிற சில சங்கடங்களைப் பெற்றவர்களிடம் சொல்ல முடியாது. சொன்னால் அடி விழும், இல்லையென்றால் அழுகை வரும். அதையெல்லாம் கேட்டுக்கொள்ள, பெற்றவராகவும் இல்லாமல், பள்ளித் தோழியாகவும் இல்லாமல், நடுவில் இன்னொரு பெரிய ஆள் வேண்டும். அந்தப் பிள்ளைக்கு அப்படி ஒருத்தரும் இல்லை. அந்த லயத்தில் இருபது வீடு. இருபது வீட்டிலும் பெரியவர்கள் இருக்கிறார்கள். அந்தப் பிள்ளை எந்தப் படிவத்தில் படிக்கிறது என்று நான் விசாரித்தபோது ஒருவருக்கும் தெரியவில்லை.

இது ஏதோ ஒரு வீட்டுக் கதை என்று நினைத்துவிடாதீர்கள். சுகாதார அமைச்சு 2022ஆம் ஆண்டு நாடு முழுவதும் இடைநிலைப்பள்ளிப் பிள்ளைகளிடம் எடுத்த ஆய்வில், நாலு பேரில் ஒருவருக்கு மனச்சோர்வு இருப்பதாகத் தெரிந்தது. பத்துப் பேரில் ஏறக்குறைய ஒருவர் உயிரை மாய்த்துக்கொள்ள முயன்றதாகச் சொல்லியிருக்கிறார். எல்லா இனத்துப் பிள்ளைகளும் சேர்ந்த கணக்கு இது.

முன்னே நம்ம தோட்டத்தில் இந்த இன்னொரு ஆளைத் தேட வேண்டியிருக்கவில்லை. 1929ல் போ தோட்டம் திறந்தார்கள், 1933ல் பாரத் தோட்டம் வந்தது. அந்தக் காலத்திலிருந்து நம்ம சனங்கள் லயத்தில் சுவருக்குச் சுவர் ஒட்டித்தான் வாழ்ந்தார்கள். பக்கத்து வீட்டில் சித்தப்பா, எதிர் வீட்டில் அத்தை, ஆயாக்கொட்டகையில் எல்லாப் பிள்ளைக்கும் சோறூட்டிய கிழவி. தமிழ்ப்பள்ளி ஆசிரியர் தோட்டத்திலேயே குடியிருந்தார். சாயங்காலம் அவர் வீட்டுத் திண்ணையில் நாலு பையன்கள் உட்கார்ந்திருப்பார்கள். இளைஞர் மணிமன்றம் என்று ஒன்று இருந்த தோட்டங்களில் நாடகம் போட, பேச்சுப் போட்டிக்குத் தயார் செய்ய, பந்து விளையாட என்று ஓர் அண்ணன் இருப்பார். அவர் சொன்னால் பையன் கேட்பான். அப்பா சொன்னால் கேட்க மாட்டான்; அது எந்தக் காலத்திலும் அப்படித்தான்.

அந்தக் காலத்தை முழுக்கப் பொன்னாகப் பூசவும் எனக்கு மனமில்லை. அதே லயத்தில்தான் சம்சு விற்ற பெரியவரும் இருந்தார். பையனுக்கு முதல் கிளாஸை ஊற்றிக் கொடுத்ததும் ஒரு மாமன்தான். பெரியவர் என்றாலே நல்லவர் என்று ஆகிவிடாது. இதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

இப்போது நிலைமை வேறு. ஒரு டிவிஷனில் நம்ம குடும்பம் பாதி இருந்தால் அதிகம். மீதி வீடுகளில் வங்காளதேசத்துத் தொழிலாளிகளும் நேப்பாளிகளும் இந்தோனேசியர்களும் இருக்கிறார்கள். சித்தப்பா ஈப்போவில், அத்தை கோலாலம்பூரில், அண்ணன் சிங்கப்பூரில். தமிழ்ப்பள்ளியை முடித்த பிள்ளை முதலாம் படிவத்துக்கு ரிங்லெட்டுக்கோ தானா ராத்தாவுக்கோ கம்போங் ராஜாவுக்கோ வேனில் போகிறது. விடியுமுன் கிளம்பி வெயில் சாயத் திரும்புகிறது. அதற்குப் பிறகு போனைக் கையில் எடுத்துக்கொண்டு அறைக்குள் போனால் அவ்வளவுதான்.

தாய்மாமனை எடுத்துக்கொள்ளுங்கள். பெண் பிள்ளை வயசுக்கு வந்தால் மாமன் வந்து பச்சை ஓலையில் குடிசை கட்டி, சீர் கொண்டுவந்து, மாலை போட்டு நிற்க வேண்டும். இது என்ன வெறும் சடங்கா? "உனக்கு உன் அப்பன் ஆத்தா மட்டும் இல்லை, நானும் இருக்கேன், ஊர் அறிய நிக்கிறேன்" என்று சொல்கிற ஏற்பாடு அது. இன்றைக்கு மண்டபம் எடுக்கிறோம், கேக் வெட்டுகிறோம், படம் எடுக்கிறோம். மாமன் படத்தில் இருக்கிறார். படம் எடுத்து முடிந்ததும் காரில் ஏறிப் போய்விடுகிறார். அடுத்த வாரம் அந்தப் பிள்ளைக்கு மாமனின் போன் நம்பர் தெரியுமா?

இந்த முறை நமக்கு மட்டும் உள்ளதென்று எண்ண வேண்டாம். நெகிரி செம்பிலானில் அடாட் பெர்பத்தே வழக்கமுள்ள மலாய்க்காரர்களிடம் தாயின் சகோதரனுக்குத் தன் மருமக்கள் மேல் பொறுப்பு உண்டு. அவர்களுடைய பூர்வீகமான மேற்குச் சுமத்திராவில், வயசுக்கு வந்த பையன்கள் அந்தக் காலத்தில் தாய் வீட்டில் படுக்க மாட்டார்கள். சுராவில் பெரியவர்களோடு படுத்து, ஓதலும் சீலாட்டும் அங்கேயே கற்றார்கள். நம்ம மலையில் காய்கறித் தோட்டம் போட்டிருக்கும் சீனர்களிடமும் பிள்ளைக்கு 'கை மா' என்று இன்னொரு தாயை வைக்கிற வழக்கம் இருக்கிறது. தென்னமெரிக்கப் பக்கத்தில் ஞானத் தகப்பன், ஞானத் தாய் என்று வைக்கிறார்கள். அங்கே பெற்றவருக்கும் ஞானப் பெற்றவருக்கும் நடுவேயே தனி உறவுப் பெயர் இருக்கிறது. எல்லாச் சாதி சனமும் இதைத் தனித்தனியாகக் கண்டுபிடித்து வைத்திருக்கிறது என்றால், பிள்ளை வளர்ப்பது இரண்டு பேரால் முடிகிற காரியம் இல்லை என்றுதானே அர்த்தம்.

படித்தவர்கள் இதை ஆராய்ந்தும் பார்த்திருக்கிறார்கள். அதில் ஓர் ஆராய்ச்சி நமக்கு மிகவும் நெருங்கியது, ஏனென்றால் அது தோட்டத்துப் பிள்ளைகளைப் பற்றியது. ஹவாயில் கவாய் என்று ஒரு தீவு. கரும்புத் தோட்டமும் அன்னாசித் தோட்டமும் நிறைந்த தீவு. ஜப்பானிலிருந்தும் பிலிப்பைன்ஸிலிருந்தும், நம்ம பாட்டன் பூட்டன் இங்கே வந்த மாதிரியே, கூலி வேலைக்கு வந்தவர்களின் வாரிசுகளும் ஹவாய்ப் பூர்வகுடிகளும் அங்கே அதிகம். அந்தத் தீவில் 1955ஆம் ஆண்டு பிறந்த 698 குழந்தைகளை எம்மி வெர்னர், ரூத் ஸ்மித் என்ற இரண்டு அம்மையார்களும் அவர்களுடைய கூட்டாளிகளும் பின்தொடர்ந்தார்கள். ஒரு வருஷம், இரண்டு வருஷம் இல்லை. அந்தக் குழந்தைகளுக்கு நாற்பது வயசாகும் வரை.

அதில் 201 பிள்ளைகள் மிகக் கஷ்டமான நிலையில் பிறந்தவர்கள். வறுமை, பிரசவத்தில் கோளாறு, வீட்டில் ஓயாத சண்டை, குடிகாரத் தகப்பன், மனநோயுள்ள தாய் என்று ஒரே பிள்ளைக்கு நாலு கஷ்டம் சேர்ந்திருந்தது. இந்தப் பிள்ளைகள் கெட்டுத்தான் போவார்கள் என்று எவரும் சொல்வார்கள். மூன்றில் இரண்டு பங்குப் பிள்ளைகளுக்குப் பதினெட்டு வயசுக்குள் படிப்பிலோ நடத்தையிலோ மனநலத்திலோ பிரச்சினை வந்தது உண்மைதான். ஆனால் 72 பேர் நன்றாக வந்தார்கள். படித்து, வேலை பார்த்து, அன்பாகக் குடும்பம் நடத்துகிறவர்களானார்கள்.

இந்த 72 பேரிடம் என்ன இருந்தது என்று துருவிப் பார்த்தார்கள். பிள்ளையின் சுபாவம் ஒரு காரணம். ஏதாவது ஒரு கைத்திறமை, ஏதாவது ஒரு பொறுப்பு இருந்தது இன்னொன்று. பிறகு இது: பெற்றவர்கள் தடுமாறிய வீட்டிலும், அந்தப் பிள்ளையைத் தன் பிள்ளையாக ஏற்றுக்கொண்ட ஒரு பெரிய ஆளாவது இருந்தார். பாட்டியோ அத்தையோ பக்கத்து வீட்டுக்காரரோ ஆசிரியரோ பாதிரியாரோ யாரோ ஒருவர். அந்த அம்மையார்கள் இன்னொன்றையும் கண்டார்கள். பதினெட்டில் தடுமாறிய பிள்ளைகளிலும் பலர் முப்பது வயசுக்குள் நிமிர்ந்துவிட்டார்கள். ஆகையால் "இவன் தேறமாட்டான்" என்று பெரட்டில் நின்று ஒரு பையனுக்குத் தீர்ப்பு எழுதுகிற நம்ம வழக்கத்தை விட்டுவிடுவது நல்லது.

என் கதையையும் சொல்லிவிடுகிறேன். எனக்குப் பதினைந்து வயசு, மூன்றாம் படிவம். என் தகப்பனார் நல்ல உழைப்பாளி, சம்பளம் போட்ட அன்றைக்கு மட்டும் வேறு ஆள். பஸ் காசு கொடுக்க முடியவில்லை, படித்தது போதும், வேலைக்கு வா என்றார். நானும் சரியென்றுதான் இருந்தேன், பள்ளியில் எனக்கும் ஒன்றும் ஓடவில்லை. தேயிலை ஆலையில் பிட்டர் வேலை பார்த்த ஒருவர் எங்கள் லயத்துக் கடைசி வீட்டில் இருந்தார். எங்களுக்குச் சொந்தமில்லை. எல்லாரும் பிட்டர் மாமா என்போம். ஞாயிற்றுக்கிழமைகளில் உருட்டுகிற மிஷினைப் பழுது பார்க்கும்போது டார்ச்லைட் பிடிக்க என்னைக் கூப்பிடுவார். அவர் எனக்குப் புத்தி சொன்னதாக ஞாபகமே இல்லை. ஸ்பானரைக் கேட்பார், பேர்டைம் விளையாட்டைப் பற்றி ஏதாவது சொல்வார், பிறகு "இந்த வாரம் அறிவியல்ல என்ன நடத்துனாங்க?" என்பார். மிஷினைப் பார்த்துக்கொண்டே கேட்பார், என் முகத்தைப் பார்க்க மாட்டார். அதனால்தானோ என்னவோ, வீட்டில் சொல்லாததையெல்லாம் அந்த எண்ணெய் நாற்றத்தில் நின்று அவரிடம் சொன்னேன். ஒரு நாள் சாயங்காலம் அவர் எங்கள் வீட்டுக்கு வந்து என் தகப்பனாரோடு வாசலில் உட்கார்ந்து கோப்பி குடித்தார். என்ன பேசினார்களோ, மறுநாள் பஸ் காசு மேசை மேல் இருந்தது. பாதி அவர் கொடுத்தது என்று எனக்குத் தெரிந்தது என் கல்யாணத்தின்போதுதான்.

நான் சொல்ல வருவது அந்தக் காசைப் பற்றி இல்லை. அவர் என் தகப்பனாரைக் குறைத்து ஒரு வார்த்தை என்னிடம் சொன்னதில்லை. இது முக்கியம். பிள்ளைக்கு நல்லவனாக வேண்டுமென்று அதன் பெற்றவர்களைக் கெட்டவர்களாக்கிப் பேசுகிற ஆள் இந்த வேலைக்கு ஆகமாட்டார்.

அமெரிக்காவில் இதை ஓர் அமைப்பாகவே நடத்துகிறார்கள். 1904ஆம் ஆண்டு நியூயார்க் நகரில், சிறுவர் கோர்ட்டில் குமாஸ்தாவாக இருந்த எர்னஸ்ட் கூல்டர் என்பவர், வந்து நிற்கிற பையன்களின் கூட்டத்தைப் பார்த்துச் சகிக்காமல், பெரிய மனிதர்களைக் கூப்பிட்டு ஆளுக்கு ஒரு பையனுக்கு அண்ணனாக இருங்கள் என்றார். அது வளர்ந்து பெரிய அண்ணன், பெரிய அக்காள் சங்கமாக இன்றும் நடக்கிறது. 1990களில் அதைச் சோதித்துப் பார்த்தார்கள். அண்ணனோ அக்காளோ கிடைத்த பிள்ளைகள், காத்திருந்த பிள்ளைகளைவிடக் குறைவாகவே போதைப் பொருள் பக்கம் போனார்கள், பள்ளிக்கும் குறைவாகவே மட்டம் போட்டார்கள். ஆனால் 2002ல் அதே கணக்கை இன்னும் கிண்டிப் பார்த்தபோது ஒரு சங்கதி தெரிந்தது. ஒரு வருஷத்துக்கு மேல் நீடித்த உறவில்தான் நல்ல பலன். மூன்று மாதத்துக்குள் விட்டுவிட்டுப் போன இடத்தில், பிள்ளைக்குத் தன் மேலிருந்த மதிப்பே முன்னைவிடக் குறைந்துபோனது. அரைகுறையாகச் செய்வதற்குச் செய்யாமலே இருக்கலாம். தீபாவளிக்கு வந்து பென்சில் பெட்டி கொடுத்துப் படம் எடுத்துக்கொண்டு போகிறவர்கள் இதைக் கவனிக்கவும்.

நம்ம நாட்டிலும் செய்து காட்டியவர்கள் உண்டு. 1982ல் டாக்டர் தம்பிராஜா தொடங்கிய ஸ்ரீ முருகன் நிலையத்தில் பல்கலைக்கழக மாணவர்கள் நம்ம பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தார்கள். அதில் கணக்குப் பாடம் ஒரு பங்கு என்றால், "என்னை மாதிரியே ஒரு அக்கா யுனிவர்சிட்டியில இருக்கா" என்று பிள்ளை கண்ணால் பார்த்தது இன்னொரு பங்கு. பள்ளியை விட்ட பிள்ளைகளுக்கென்றே வழக்கறிஞர் பசுபதி தொடங்கிய மைஸ்கில்ஸ் அறவாரியம் களும்பாங்கில் இருக்கிறது. ஆனால் களும்பாங் எங்கே, நம்ம மலை எங்கே. ஒவ்வொரு தோட்டத்துக்கும் யாராவது வெளியிலிருந்து ஏறி வருவார்கள் என்று உட்கார்ந்திருக்க முடியாது.

இதனால் சம்பளக் கோரிக்கையையும் வீட்டுக் கோரிக்கையையும் சங்கம் மூட்டை கட்டி வைக்கலாம் என்று நான் சொல்லவில்லை. தாயும் தகப்பனும் ஓவர்டைம் செய்தால்தான் அடுப்பு எரியும் என்கிற வீட்டுக்கு மாமன் வந்து என்ன செய்வார்? அது அது அதனதன் இடத்தில் நடக்கட்டும். இதற்குக் காசு தேவையில்லை, அதனால் காத்திருக்கவும் தேவையில்லை.

சரி, என்ன செய்வது? உங்கள் லயத்தில் உங்கள் பிள்ளை அல்லாத ஒரு பிள்ளை. அதன் படிவம் தெரியட்டும், அதன் கூட்டாளி பெயர் தெரியட்டும். வாரத்தில் ஒரு நாள் ஒரு வேலையைச் சேர்ந்து செய்யுங்கள். மோட்டார் சைக்கிள் கழுவலாம், கோயில் கூட்டலாம், முறுக்குச் சுடலாம். கை வேலையாக இருந்தால் வாய் தானாகத் திறக்கும். பிரசங்கம் வேண்டாம், அதைப் பள்ளியிலும் வீட்டிலும் வேண்டிய மட்டும் கேட்கிறார்கள். பெண் பிள்ளைக்குப் பெண்களே முன்வர வேண்டும். நேப்பாளித் தம்பிகளையும் ஒதுக்க வேண்டாம். ஒரு டிவிஷனில் பையன்களுக்குக் கைப்பந்து ஆடச் சொல்லிக்கொடுத்தவர் அவர்களில் ஒருவர்தான், பெற்றவர்கள் பார்வையில், திடலில்.

திடலில் என்றேனே, அது சும்மா சொன்னதில்லை. நல்ல எண்ணமில்லாத ஆளும் இதே வழியில்தான் பிள்ளையிடம் வருவான். ஆகவே பெற்றவர்களுக்குத் தெரியாமல் சந்திப்பு இல்லை, மூடிய அறை இல்லை, "யாருகிட்டயும் சொல்லாதே" என்ற பேச்சு இல்லை, இரகசியப் பரிசு இல்லை. அப்படி நடந்தால் அந்த ஆள் எவ்வளவு பெரிய மனிதரானாலும் விலக்க வேண்டும். கெட்ட எண்ணத்தோடு பிள்ளையைப் பேசிப் பழக்குவதே குற்றம் என்று 2017ஆம் ஆண்டு சட்டம் வந்திருக்கிறது. தோட்ட மானம் போகும் என்று மூடி மறைக்க வேண்டாம்.

பிள்ளை சொன்னதை வீட்டில் போய்ப் போட்டுக்கொடுக்கலாமா? சில்லறைச் சங்கதி என்றால் கூடாது, ஒரு தடவை சொல்லிவிட்டால் பிறகு அது வாயே திறக்காது. ஆனால் "நான் இல்லாம போனா நல்லது" என்ற மாதிரிப் பேச்சு வந்தாலோ, ஆசைப்பட்ட சாமான்களை எடுத்துப் பிறருக்குக் கொடுக்கத் தொடங்கினாலோ, தூக்கமும் சாப்பாடும் வாரக்கணக்கில் கெட்டாலோ, அதை இரகசியமாக வைத்திருக்கக் கூடாது. நேராகவே கேளுங்கள், கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. தனியாக விடாமல் கிளினிக்குக்குக் கூட்டிவாருங்கள், நடு ராத்திரி என்றாலும் கதவைத் தட்டுங்கள். 15999 என்ற தாலியான் காசே நம்பரும் இருக்கிறது. போலீஸ் கேஸ் ஆகிவிடும் என்று பயந்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவராத குடும்பத்தை நான் பார்த்திருக்கிறேன். உயிரை மாய்த்துக்கொள்ள முயல்வது குற்றம் என்றிருந்த 309ஆம் பிரிவை 2023ல் நீக்கிவிட்டார்கள். இனி அந்தப் பயம் வேண்டியதில்லை.

"என் பிள்ளைக்கு இன்னொருத்தன் என்ன புத்தி சொல்றது?" என்று கோபப்படுகிற தகப்பன்மார்களும் இருக்கிறார்கள். அவர்களிடம் ஒன்று கேட்கிறேன். உங்களுக்குப் பதினாறு வயசில் முதன்முதலாக மனசு உடைந்தபோது, உங்கள் அப்பாவிடமா போய்ச் சொன்னீர்கள்?

அடுத்த கிளைக் கூட்டத்தில் பழைய ஆயாக்கொட்டகையை ஞாயிற்றுக்கிழமை மாலையில் பிள்ளைகளுக்குத் திறந்துவிட வேண்டும் என்று நிர்வாகத்திடம் கேட்கும்படி தீர்மானம் கொண்டுவரப்போகிறேன். கதவு திறந்தே இருக்கும், பெற்றவர்கள் எந்நேரமும் எட்டிப் பார்க்கலாம். ஒரு வருஷம் விடாமல் வர முடியும் என்கிறவர்கள் மட்டும் பெயர் கொடுங்கள். இதுவரை இரண்டு பேர் கொடுத்திருக்கிறார்கள். ஒருவர் லோரி ஓட்டுகிறவர். இன்னொருவர், நான் முதலில் சொன்ன அந்தப் பிள்ளையை இப்போது வாரம் ஒருமுறை தன் வீட்டுக்குத் தையல் பழக வரச் சொல்லியிருக்கும் அக்கா. இந்த டிவிஷனில் பதின்மூன்று முதல் பதினேழு வயசுக்குள் பதினெட்டுப் பிள்ளைகள் இருக்கிறார்கள். கிளினிக்குக்கு வரும்போது சொன்னாலும் போதும், எழுதிக்கொள்கிறேன்.